எழுதச் சொன்னவரின் கடமை

பியானோவும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் ஒரு பியானோ கான்செர்ட்டோவை எழுதித் தரும்படி ஓர் இசைக்குழு யாரையாவது கேட்கும்போது கையில் எதுவும் இருப்பதில்லை. ஒரு ஸ்வரம்கூட எழுதப்பட்டிருக்காது. பணம் பேசியாயிற்று, அரங்கத்துக்குத் தேதி குறித்தாயிற்று, பியானோ வாசிப்பவர் அந்த வாரத்தை ஒதுக்கி வைத்தாயிற்று. வரப்போகும் இசை நன்றாக இருக்குமா என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. இப்படி இன்னும் பிறக்காத ஒன்றுக்கு இடம் ஒழித்து வைத்துக் காத்திருக்கும் மனிதர்கள்மேல் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. வயதாக ஆக அந்த மதிப்பு கூடிக்கொண்டேதான் போகிறது.

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் இருக்கிறது செயின்ட் பால் நகரம். அந்த ஊரின் செயின்ட் பால் சேம்பர் ஆர்கெஸ்ட்ரா 1959இல் தொடங்கப்பட்டது. பெரிய சிம்ஃபனி குழுவில் எண்பது, நூறு பேர் உட்கார்ந்திருப்பார்கள். சேம்பர் ஆர்கெஸ்ட்ராவில் ஏறக்குறைய முப்பது, நாற்பது பேர்தான். செயின்ட் பால் குழுவினர் பல கச்சேரிகளை நடத்துநர் இல்லாமலே வாசிக்கிறார்கள். முதல் வயலின்காரரின் வில் எப்போது எழும்புகிறது, பக்கத்தில் இருப்பவர் எப்போது மூச்சு இழுக்கிறார் என்று பார்த்துப் பார்த்துச் சேர்ந்து வாசிக்க வேண்டும். கூட்டத்தோடு கூட்டமாக ஒளிந்துகொள்ள அங்கே இடமில்லை.

அந்தக் குழு 2012இல் ஏறக்குறைய உடைந்தே போயிற்று. சம்பளப் பேச்சு முறிந்து, அக்டோபரில் நிர்வாகம் கலைஞர்களுக்குக் கதவை அடைத்தது. ஆறு மாதத்துக்கு மேல் அந்தக் கதவடைப்பு நீடித்தது. 2013இல் உடன்பாடு வந்தபோது சம்பளம் குறைந்திருந்தது, கலைஞர் எண்ணிக்கையும் குறைந்திருந்தது. அப்படி ஓர் அடி வாங்கிய வீட்டில் எல்லாரும் என்ன செய்வார்கள்? செலவைச் சுருக்குவார்கள், பழகிய வழியிலேயே போவார்கள். இவர்கள் பியானோ கலைஞர் ஜொனாதன் பிஸ்ஸோடு சேர்ந்து ஐந்து புதிய கான்செர்ட்டோக்களை எழுதச் சொன்னார்கள்.

பீத்தோவன் எழுதி முடித்த பியானோ கான்செர்ட்டோக்கள் ஐந்து. ஒவ்வொன்றுக்கும் மறுமொழியாக, இன்று வாழும் ஓர் இசையமைப்பாளர் ஒரு புதிய கான்செர்ட்டோ எழுத வேண்டும் என்பது ஏற்பாடு. டீமோ ஆண்ட்ரெஸ், சாலி பீமிஷ், சல்வத்தோரே ஷாரினோ, கரோலின் ஷா, பிரெட் டீன் ஆகிய ஐவரும் ஒப்புக்கொண்டார்கள். 2015 நவம்பரில், அந்த ஆண்டுதான் திறக்கப்பட்ட ஆர்ட்வே அரங்கத்தில், சுமார் 1,100 பேர் அமரக்கூடிய இடத்தில், ஆண்ட்ரெஸின் ‘தி பிளைண்ட் பானிஸ்டர்’ முதன்முதலாக ஒலித்தது. அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசுக்கான இறுதிப் பட்டியலிலும் அது இடம்பெற்றது. பரிசு வேறொருவருக்குப் போனது. அதைப் பெரிய விஷயமாக நான் கருதவில்லை. அவர்கள் கேட்ட விதம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

ஆண்ட்ரெஸிடம் கொடுக்கப்பட்டது பீத்தோவனின் இரண்டாவது கான்செர்ட்டோ. ஐந்தில் அதிகம் பேசப்படாத பிள்ளை அது. போன் நகரில், பதின்பருவம் முடியும் முன்பே பீத்தோவன் அதைத் தொடங்கிவிட்டார் என்கிறார்கள். வியன்னாவுக்கு வந்த பிறகு பலமுறை திருத்தினார். பதிப்பாளர் ஹோஃப்மைஸ்டருக்கு விற்கும்போது, இது தன்னுடைய சிறந்த படைப்புகளில் ஒன்றல்ல என்று அவரே எழுதி, பத்து டுகாட் மட்டும் விலை சொன்னார். மற்றப் படைப்புகளுக்கு இருபது கேட்டவர் அவர். 1801இல் அது அச்சாயிற்று.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. கான்செர்ட்டோவில் ஓர் இடத்தில் குழு முழுவதும் நிறுத்திவிடும். பியானோ வாசிப்பவர் தனியாகத் தன் கற்பனையைக் காட்டுவார். கடென்ஸா என்று அதற்குப் பெயர். நம் கச்சேரியில் தனி ஆவர்த்தனத்துக்கு மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு அந்த இடம் எப்படிப்பட்டது என்று புரியும். பீத்தோவன் காலத்தில் அதைப் பெரும்பாலும் மேடையிலேயே கற்பனையில் வாசிப்பார்கள். இந்த இரண்டாவது கான்செர்ட்டோவுக்கு 1809 வாக்கில்தான் அவர் கடென்ஸாவைக் காகிதத்தில் எழுதினார். அதற்குள் காது பெருமளவு போய்விட்டது. ஐந்தாவது கான்செர்ட்டோவே கையில் உருவாகிக்கொண்டிருந்தது.

அந்தக் கடென்ஸாவைக் கேட்டால் திடுக்கென்றிருக்கும். மொசார்ட் வழியில் இனிமையாகப் போய்க்கொண்டிருந்த இசைக்குள் திடீரென்று வேறொரு மனிதர் நுழைந்தது போல இருக்கும். ஒரு குரலை இன்னொரு குரல் துரத்துகிறது, சுருதி எங்கெங்கோ போய் வருகிறது. முப்பத்தெட்டு வயது பீத்தோவன், தன் இருபது வயதுக்குள் வந்து நின்று, அந்த வயதின் குரலில் பேச மறுக்கிறார். நான் இன்று இருப்பது இப்படித்தான் என்று சொல்லிவிட்டு, வாசித்து முடித்து, இளம் பீத்தோவனிடமே இசையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகிறார். பழையதை அவர் அழிக்கவில்லை. வெட்கப்பட்டு மறைக்கவும் இல்லை. என் வயதுக்காரர்கள் இதைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். நம் பழைய காலத்தைப் பற்றிப் பேசும்போது ஒன்று தூக்கிப் பிடிக்கிறோம், இல்லாவிட்டால் ஒதுக்கிவிடுகிறோம். இரண்டும் இல்லாமல் அதன் பக்கத்திலேயே இன்றைய நம்மை வைப்பது அபூர்வமாகத்தான் நடக்கிறது.

1985இல் பிறந்த ஆண்ட்ரெஸ் சரியாக அந்த இடத்தைத்தான் பிடித்துக்கொண்டார். அந்தக் கான்செர்ட்டோவுக்குத் தானும் ஒரு கடென்ஸா எழுதுவதில் ஆரம்பித்ததாகவும், அது வளர்ந்து மூலத்தையே உள்ளிருந்து தின்றுவிட்டதாகவும் அவர் சொல்லியிருக்கிறார். கீழிறங்கும் ஒரு சிறிய ஸ்வர வரிசை. இரண்டு குரல்கள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு படி இறங்குவதுபோல் அது தொடங்குகிறது. பிறகு அந்த இறக்கங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கடுக்காய் விழுகின்றன. பீத்தோவனின் ராகம் எதையும் எடுத்து ஒட்டவைத்ததாகத் தெரியாது. ஆனாலும் பீத்தோவன் இல்லாவிட்டால் அது பிறந்திருக்காது. தாத்தாவின் சட்டையைப் போட்டுக்கொண்டு திரியாத பேரன் தாத்தாவின் முகத்தோடு நடப்பதை நாம் பார்த்ததில்லையா?

இப்படிப்பட்ட ஒன்று காகிதத்திலிருந்து காதுக்கு வருவது முதல் ஒத்திகையில்தான். பல காலம் பிள்ளைகளுக்கு வயலின் சொல்லிக்கொடுத்தவன் என்பதால் அந்த இடம் எனக்கு மிகவும் பிடித்தமானது. வழக்கமாக ஓபோ கொடுக்கும் ஸ்வரத்துக்கு எல்லாரும் சுருதி சேர்ப்பார்கள். பியானோ கான்செர்ட்டோ என்றால் பியானோவின் சுருதிக்குத்தான் மற்றவர்கள் வந்து சேர வேண்டும். வயலின்காரர்கள் இரண்டிரண்டு பேராக ஒரு ஸ்டாண்டைப் பகிர்ந்துகொள்வார்கள். உள்பக்கம் இருப்பவர் தாளைத் திருப்பும்போது வெளிப்பக்கம் இருப்பவர் விடாமல் வாசிப்பார். ஸ்டாண்டுக்கு ஸ்டாண்டு ஒரு பென்சில் இருக்கும். பேனா ஆகாது, அழித்தழித்து எழுத வேண்டிய வேலை அது.

பீத்தோவனை வாசிக்கும்போது பழைய பிரதிகளில் முன்னால் வாசித்தவர்களின் பென்சில் குறிகள் இருக்கும். வில்லை எங்கே மேலே தள்ளுவது, எங்கே கீழே இழுப்பது, எந்த இடத்தில் மூச்சு விடுவது என்றெல்லாம் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்தவை அவை. புதிய கான்செர்ட்டோவின் பிரதியில் அச்சிட்ட ஸ்வரங்களைத் தவிர ஒன்றும் இருக்காது. முதல் வயலின்காரர் ஒரு முடிவு செய்வார், பின்னால் இருப்பவர்கள் அதைப் பார்த்துக் குறித்துக்கொள்வார்கள். சரிவரவில்லை என்றால் அழிப்பார்கள். இசையமைப்பாளர் காலியான அரங்கில் மடியில் முழுப் பிரதியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இந்த இடத்தில் இது ஷார்ப்தானா, அச்சுப் பிழையா என்று வயோலாக்காரர் எழுந்து கேட்டால் பதில் சொல்ல ஆள் அங்கேயே இருக்கிறார். பீத்தோவனிடம் யார் போய்க் கேட்பது?

கேட்டு வாங்கியவர்கள் எல்லாரும் இப்படிக் காதைக் கொடுத்துவிடுவதில்லை. பால் விட்கென்ஸ்டைன் என்று வியன்னாவில் ஒரு பியானோ கலைஞர் இருந்தார். தத்துவஞானி லுட்விக்கின் அண்ணன். முதல் உலகப் போரில் வலக்கையை இழந்தார். ரஷ்யாவில் போர்க்கைதியாக இருந்தபோதே இடக்கையால் மட்டும் வாசிக்கப் பயின்ற மன உறுதிக்காரர். பெரும் பணக்காரக் குடும்பம். ஊர்ப் பெரிய இசையமைப்பாளர்களிடம் எல்லாம் இடக்கைக் கான்செர்ட்டோ எழுதச் சொல்லித் தாராளமாகப் பணம் கொடுத்தார். அந்தத் துணிவுக்கு முன்னால் நான் தலைவணங்குகிறேன். ரவேல் எழுதிய இடக்கைக் கான்செர்ட்டோ அவர் கேட்டதால்தான் உலகத்துக்குக் கிடைத்தது.

ஆனால் கைக்கு வந்ததை ஏற்றுக்கொள்ள அவரால் முடியவில்லை. 1932இல் வியன்னாவில் ரவேலின் கான்செர்ட்டோவை முதன்முதலில் வாசித்தபோது தன் விருப்பத்துக்கு மாற்றி வாசித்தார், ரவேல் கோபித்துக்கொண்டார். புரோகோஃபியெவ் 1931இல் எழுதிக் கொடுத்ததை அவர் வாசிக்கவே இல்லை. அது 1956இல்தான் பெர்லினில் மேடை ஏறியது. வாசித்தவர் இரண்டாம் உலகப் போரில் வலக்கையை இழந்த சீக்ஃப்ரீட் ராப். அதற்குள் புரோகோஃபியெவ் இறந்துவிட்டார். ஹிண்டெமித் 1923இல் எழுதியதோ பெட்டிக்குள்ளேயே தூங்கியது. விட்கென்ஸ்டைனின் மனைவி காலமான பிறகு, 2002இல் அந்தப் பிரதி வெளியே வந்தது. 2004 டிசம்பரில் லியோன் ஃபிளைஷர் பெர்லின் பில்ஹார்மோனிக் குழுவோடு அதை முதன்முதலாக வாசித்தார். எழுதியவரும் இல்லை, கேட்டு வாங்கியவரும் இல்லை. எண்பத்தொரு ஆண்டுகள் ஒரு முழுக் கான்செர்ட்டோ யாருடைய காதிலும் விழாமல் கிடந்தது. பணத்தில் ஒரு பைசா பாக்கி வைக்காதவர் கேட்க வேண்டிய கடமையில் பாக்கி வைத்துவிட்டார்.

நம் வீடுகளிலும் இது நடக்கிறது. மகனிடம் கடைச் சாவியைக் கொடுத்துவிட்டு, அவன் அடுக்கியதை மறுபடி பழைய இடத்திலேயே மாற்றி வைக்கும் அப்பாக்கள் இருக்கிறார்கள். மருமகளிடம் அடுப்படியை விட்டுவிட்டேன் என்று ஊருக்குச் சொல்லிவிட்டு, குழம்பில் தானே உப்புப் போடும் அம்மாக்கள் இருக்கிறார்கள். ‘உன் இஷ்டம்போல் செய், எனக்கென்ன’ என்று முகத்தைத் திருப்பிக்கொள்பவர்களும் உண்டு. அதையும் ஒப்படைப்பு என்று என்னால் சொல்ல முடியாது. செயின்ட் பால்காரர்கள் ஆண்ட்ரெஸை வெறும் வெளியில் விடவில்லை. இதோ பீத்தோவன், இதன் பக்கத்தில் நிற்கிற மாதிரி ஒன்று செய் என்று கனமான ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். கொடுத்த பிறகு குறுக்கே போகவில்லை. வந்ததை முழு மனதோடு ஒத்திகை பார்த்து வாசித்தார்கள். இளையவர்களுக்கு நாம் செய்ய வேண்டியது இந்த இரண்டும்தான். இரண்டில் ஒன்றை மட்டும் செய்தால் போதாது.

இன்னொரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். முதல் வாசிப்புக்கு ஊர் கூடும், பத்திரிகை வரும், பூங்கொத்து வரும். இரண்டாம் வாசிப்புதான் கஷ்டம். ஒரு தடவை வாசிக்கப்பட்டு, பிறகு யாரும் தொடாத புதிய கான்செர்ட்டோக்கள் ஏராளம். அதனால்தான் இப்போதெல்லாம் பல இசைக்குழுக்கள் சேர்ந்து ஒன்றை எழுதச் சொல்கின்றன. செலவைப் பகிர்ந்துகொண்டவர்கள் தங்கள் ஊரிலும் வாசிப்பார்கள், குழந்தை ஒரே வீட்டில் அடைந்து கிடக்காது. நல்ல வழக்கம் இது.

ஆண்ட்ரெஸின் கான்செர்ட்டோ அப்படி ஒரே மேடையோடு நின்றுவிடவில்லை. அவரே பியானோவில் அமர்ந்து மெட்ரோபோலிஸ் என்செம்பிள் குழுவோடு வாசித்த பதிவு 2024இல் வெளியாகியிருக்கிறது. முதலில் பீத்தோவனின் இரண்டாவது கான்செர்ட்டோவைக் கேளுங்கள். முதல் பகுதியின் கடைசியில் வரும் கடென்ஸாவை விட்டுவிடாதீர்கள். பிறகு ஆண்ட்ரெஸைக் கேளுங்கள். வீட்டில் இளையவர் யாராவது இருந்தால் கூப்பிட்டு உட்காரவைத்துக்கொள்ளுங்கள், அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதை முதலில் கேளுங்கள். ஒரு தடவையில் பிடிக்காவிட்டால் ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை கேளுங்கள்.