ஜோகுபாளையத்தில் ஒரு கம்பளிக் கச்சேரி

பெங்களூரில் குடியேறிய தமிழரிடம் இந்நகரத்துக் குளிரைப் பற்றிக் கேட்டால் இருவகை விடை கிடைக்கும். நேற்று வந்தவர், "அப்பப்பா, எலும்பைத் துளைக்கிறது!" என்பார். மூன்று தலைமுறையாக இருப்பவரோ, "இதுவும் ஒரு குளிரா? எங்கள் பாட்டனார் காலத்தில் அல்லவா குளிர் இருந்தது!" என்று புன்முறுவல் பூப்பார். பாட்டனாரின் பாட்டனார் காலத்திற்கே சென்று பார்த்தால், 1884ஆம் ஆண்டு ஜனவரி 13ஆம் நாள் வெப்பநிலை 7.8 டிகிரி செல்ஷியஸுக்கு இறங்கியதாகப் பதிவு இருக்கிறது. இன்றோ மார்கழி இரவுகளில் பெரும்பாலும் 15 டிகிரியை ஒட்டியே நிற்கிறது. கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில் உள்ள ஊருக்கு இது பெரிய குளிரன்று. கதவும் சன்னலும் போர்வையும் உடையவர்க்கு அன்று என்று சொல்லுவதே பொருந்தும்.

எங்கள் காரியாலயம் ஜோகுபாளையத்தில் ஒரு மாடியின் மேல் இருக்கிறது. பிறர் கணக்கைச் சரிபார்த்து எழுதிக் கொடுப்பது எங்கள் தொழில். ஹலசூரு மெட்ரோ நிலையத்தில் இறங்கி நடந்து வருவோர்க்கு இப்பகுதி முதலில் ஒன்றும் பெரிதாகத் தோன்றாது. குறுகிய சந்துகள், வாசலில் கோலம், மாடிக் கைப்பிடியில் உலரும் துணிகள், அரிசி மண்டி, தையற்கடை, பூக்காரியின் கூடை. ஆனால் காதைத் தீட்டிக்கொண்டு நடந்தால் பத்தடிக்கு ஒரு மொழி கேட்கும். ஒரே அம்மையார் கீரைக்காரியிடம் தெலுங்கிலும், பக்கத்து வீட்டாரிடம் கன்னடத்திலும், தம் பேரனை அதட்டும்போது தமிழிலும் பேசுவதை நாங்கள் நாள்தோறும் சன்னல் வழியே கேட்டு மகிழ்கிறோம். அதட்டுவதற்குத் தாய்மொழியைப் போல் வேறொன்று உண்டோ!

இங்கே தமிழ் வந்த வரலாறு நேயர்கள் அறிந்ததே. 1809இல் ஆங்கிலேயர் தம் படையைச் சீரங்கப்பட்டணத்திலிருந்து பெங்களூருக்கு மாற்றித் தண்டு அமைத்தனர். படையின் பின்னே வட ஆர்க்காட்டிலிருந்தும் பிற தமிழ் மாவட்டங்களிலிருந்தும் சமையற்காரர், கொத்தர், தச்சர், வணிகர் எனப் பல தொழிலினர் வந்தனர். அல்சூர் ஏரியின் கரையில் இன்றும் மதராஸ் சாப்பர்களின் பயிற்சி நிலையம் இருக்கிறது. படை முழுவதிலும் அவர்களுக்குத் 'தம்பிகள்' என்று செல்லப் பெயர். அதே ஏரிக்கு அருகில் நம் பெங்களூர்த் தமிழ்ச் சங்கமும் உண்டு. 1991 முதல் திரையிட்டு மூடியிருந்த திருவள்ளுவர் சிலை 2009 ஆகஸ்ட் 9 அன்று திறக்கப்பெற்ற இடமும் உண்டு. ஆகவே ஜோகுபாளையத்திலிருந்து ஒரு கல் எறிந்தால் அது தமிழ் வரலாற்றின் மேல்தான் விழும். எறிய வேண்டா என்று அன்பர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

இனிக் கம்பளிக்கு வருவோம்.

சென்ற கார்த்திகையில், எங்கள் காரியாலயத்துத் தோழியர் ஒருவரின் தமக்கையார், அரசாங்கப் பிரசவ மருத்துவமனையொன்றில் தாதியாக இருப்பவர், பேச்சுவாக்கில் ஒன்று சொன்னாராம். மாதம் நிறையுமுன் பிறக்கும் குழந்தைகளுக்குத் தலைக்குல்லாயும் காலுறையும் எவ்வளவு இருந்தாலும் போதவில்லை. கட்டட வேலைக்கு வந்த ஏழைத் தாய்மார் புடவைத் துண்டையே சுற்றி எடுத்து வருகிறார்கள் என்பது அச்செய்தி. தோழியர் அதை மதிய உணவின்போது எங்களிடம் சொன்னார். ஏழு பேர் கேட்டோம். ஏழு பேரும், "அதற்கென்ன, பின்னித் தந்துவிடுவோம்" என்றோம். எங்களில் பின்னத் தெரிந்தவர் இருவர் மட்டுமே என்பது ஊசி வாங்கி வந்த பிறகே விளங்கியது.

அன்று முதல் மதிய உணவு வேளையில் எங்கள் கச்சேரி தொடங்கிற்று. கச்சேரி என்ற சொல்லுக்குக் காரியாலயம் என்றும் இசையரங்கு என்றும் இரு பொருள் உண்டல்லவா? எங்கள் கச்சேரிக்கு இரண்டுமே பொருந்தும். ஒருவர் "நேர் ஒன்று, எதிர் ஒன்று" என்று தாளம் போடுவார். மற்றொருவர் நழுவிய கண்ணியைத் தேடி "ஐயோ" என்று ஆலாபனை செய்வார்.

கண்ணி எண்ணுவதில்தான் எத்தனை வேடிக்கை! எங்கள் கன்னட நண்பரும் தமிழ்க் குமாஸ்தா ஒருவரும் ஒரே குல்லாயை ஆளுக்கொரு வரிசையாகப் பின்னத் தொடங்கினர். இருவரும் சேர்ந்து எண்ணுகையில் இவர் "எட்டு" என்பார். அவர் அடுத்த கண்ணியைத் தொட்டு "எண்டு" என்பார். இரண்டும் ஒரே எண் என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை. வரிசைக்கு ஒரு கண்ணி கூடிக் கூடி, குல்லாய் மேலே செல்லச் செல்ல அகன்று, ஒரு சிறு குடையளவாயிற்று. அதை என்ன செய்வது? மூலையிலிருந்த தண்ணீர்க் கேனின் தலையில் கவிழ்த்தோம். அளவெடுத்துத் தைத்ததுபோல் அமைந்தது! மறுநாள் வருகைப் பதிவேட்டில், யார் கைவண்ணமோ, எங்கள் பெயர்களுக்குக் கீழே 'திருவாளர் தண்ணீர்' என்றொரு பெயரும் ஏறிவிட்டது. அவர் ஒரு நாளும் தாமதமாக வருவதில்லை என்று மேலாளரே பாராட்டினார்.

மேலாளர் கதை தனிக்கதை. அவர் குல்லாய் வேண்டா, மப்ளர்தான் பின்னுவேன் என்று பிடிவாதமாகத் தொடங்கினார். பின்னவும் கற்றுக்கொண்டார், ஆனால் முடிக்கும் வித்தையை யாரிடமும் கேட்பது கௌரவக் குறைவு என எண்ணிவிட்டார். மப்ளர் நாளொரு சாணாக வளர்ந்தது. சங்கக் கூட்டங்களில் முடிக்கத் தெரியாமல் பேசிக்கொண்டே செல்லும் சொற்பொழிவாளர் சிலரை நினைந்து நாங்கள் வாளாவிருந்தோம்.

ஆடவர் ஊசி பிடிப்பதைக் கண்டு நகைத்தவர்களும் உண்டு. அவர்களுக்குக் கோயம்புத்தூர்ப் பக்கத்து நண்பரொருவர் நல்ல விடை தந்தார்: "ஐயா, தாங்கள் சட்டைக்குள் அணிந்திருக்கும் பனியன் என்னவென்று நினைத்தீர்கள்? திருப்பூரில் வட்ட இயந்திரம் பின்னிய கண்ணிதான் அது. இயந்திரத்தை ஓட்டுபவர் ஆண்பிள்ளை இல்லையோ?" நகைத்தவர் தம் பனியனைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

மூன்று வாரத்தில் பதினெட்டுக் குல்லாய்கள் சேர்ந்தன. மஞ்சளும் சிவப்புமாக, உச்சியில் குஞ்சம் வைத்து, சிலவற்றில் பித்தான் தைத்து, கழுத்தில் கட்டிக்கொள்ள நாடாவும் கோத்துப் பெருமையோடு கொடுத்தனுப்பினோம். இரண்டாம் நாளே பதினான்கு திரும்பி வந்துவிட்டன.

தாதியம்மையார் பணிவாகத்தான் சொல்லி அனுப்பியிருந்தார். நாடா கழுத்தை இறுக்கும். பித்தான் கழன்றால் குழந்தையின் வாய்க்குள் போகும். முரட்டுக் கம்பளி மெல்லிய தோலை அரிக்கும். அளவோ ஓராண்டுக் குழந்தைக்குரியது. சரியாக இருந்த நான்கும் எங்களுள் பின்னத் தெரிந்த அவ்விருவர் செய்தவை. அன்று மதியம் கச்சேரி நடைபெறவில்லை. உண்மையைச் சொன்னால், எங்களுக்குச் சற்றுக் கோபமும் வந்தது. இலவசமாகக் கொடுத்ததையா குறை சொல்வது என்று ஒருவர் முணுமுணுத்தார். அவர் சொன்னார், மற்றவர் நினைத்தோம்.

காரியாலயத்தின் பின்சந்தில் ஒரு மூதாட்டியார் இருக்கிறார். மாலையில் திண்ணையில் அமர்ந்து பின்னிக்கொண்டிருப்பார். கண் மங்கிவிட்டது; விரல்களே பார்க்கின்றன. திரும்பி வந்த பையை அவரிடம் எடுத்துச் சென்றோம். ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துவிட்டு, "இது யாருக்குப்பா?" என்றார்.

"குழந்தைகளுக்குப் பாட்டிம்மா."

"எந்தக் குழந்தை? தலை எத்தனை அங்குலம்?"

எங்களுக்கு விடை தெரியவில்லை.

"அளவு தெரியாமல் பின்னினால் அது நம் ஆசைக்குப் பின்னியது தம்பி, அவர்களுக்குப் பின்னியது இல்லை" என்றார் அவர். பிறகு தம் கதையைச் சொன்னார்.

1962 அக்டோபர் 20இல் சீனப் போர் மூண்டபோது அவருக்குப் பதினான்கு வயது. வடகிழக்கு எல்லையில், பத்தாயிரம் அடிக்கு மேற்பட்ட மலைகளில், நாம்கா சூ ஆற்றங்கரை போன்ற இடங்களில், பனிக்கேற்ற உடையின்றிப் பருத்தி உடுப்போடு நம் வீரர் பலர் நின்றனர் என்பது வரலாறு. செய்தி பரவியதும் நாடெங்கும் பெண்கள் ஊசி எடுத்தனர். இரயிலிலும் பள்ளியிலும் அலுவலகத்திலும் ஸ்வெட்டரும் மப்ளரும் காலுறையும் பின்னினர். மூதாட்டியாரின் பள்ளியிலும் பச்சைக் கம்பளி நூல் பங்கிட்டுக் கொடுத்தார்களாம். வகுப்பில் எல்லோரும் மப்ளரே பின்னினார்கள். அதுதான் எளிது, நேராகப் போய்க்கொண்டே இருக்கலாம். (இங்கே நாங்கள் மேலாளரைத் திரும்பிப் பார்க்கவில்லை.) அவரும் இரண்டு பின்னினார். நவம்பர் 21இல் சீனர் போர்நிறுத்தம் அறிவித்தனர். மதராஸ் சாப்பரான அவர் தந்தையார் மறுவருடம் வீடு வந்தார். இடக்காலில் இரண்டு விரல்கள் இல்லை, பனி தின்றுவிட்டது.

"எங்கப்பா யாரையும் குறை சொல்லவில்லை. என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, 'கழுத்துக்கு நிறைய வந்தது கண்ணு, காலுக்குத்தான் கொஞ்சம்' என்றார். அவ்வளவுதான். அன்றிலிருந்து நான் காலுறைதான் பின்னுகிறேன்."

அறுபது ஆண்டுக்கு மேலாகக் காலுறையே பின்னிவரும் அக்கையைப் பார்த்தபடி நாங்கள் சும்மா நின்றோம். குதிகால் திருப்பம் என்பது பின்னலிலே கடினமான இடம். நேராகச் செல்லும் பின்னல் அங்கே மூலை திரும்பிக் கிண்ணம்போல் குழிய வேண்டும். பதினான்கு வயதில் அதைத் தனியே கற்றிருக்கிறார்.

மறுநாள் தோழியர் அளவுநாடாவோடு தமக்கையாரிடம் சென்று வந்தார். நிறைமாதக் குழந்தையின் தலைச்சுற்று ஏறத்தாழ 35 சென்டிமீட்டர். முன்கூட்டிப் பிறந்தவற்றுக்கு அதனினும் குறைவு, சிலவற்றுக்கு ஓர் ஆரஞ்சுப் பழத்தைவிடச் சற்றே பெரிது. உடம்போடு ஒப்பிட்டால் பச்சிளங்குழந்தைக்குத் தலை மிகப் பெரிது. உடலின் மேற்பரப்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. ஆகையால் வெறுந்தலை வழியே சூடு விரைந்து வெளியேறுகிறது. குறைமாதக் குழந்தைக்குத் தோலின் கீழ்க் கொழுப்பும் போதாது. தன் உடற்சூட்டை 36.5 டிகிரிக்கும் 37.5 டிகிரிக்கும் இடையில் நிறுத்தவே அது படாத பாடு படும். பால் குடிக்கவும் எடை ஏறவும் வலு மிஞ்சாது. 1978இல் தென் அமெரிக்காவின் பொகோட்டா நகரில், போதிய கருவிகள் இல்லாத மருத்துவமனையொன்றில், எட்கர் ரே என்னும் மருத்துவர் குழந்தையைத் தாயின் மார்போடு வெற்றுடலாய் அணைத்துக் கட்டும் முறையைத் தொடங்கினார். கங்காரு முறை என்று உலகம் அதை ஏற்றுக்கொண்டது. அம்முறையில் குழந்தைக்கு உடுப்பு மூன்றே: இடைத்துணி, தலைக்குல்லாய், காலுறை. தாயின் மார்பு கொடுக்கும் சூட்டைக் குல்லாய் போகவிடாமல் காக்கிறது. நாங்கள் செய்வது இவ்வளவே என்று தெரிந்தபோது குஞ்சத்தின் மேலிருந்த ஆசை போயிற்று.

நூலையும் மாற்றினோம். குழந்தைக்கு மென்மையான பருத்தி நூல். துவைத்துக் காயவைத்தே அனுப்புவது. தெருவில் தீ மூட்டிக் குளிர்காயும் காவற்காரருக்கும் கட்டடத் தொழிலாளருக்கும் மட்டும் அசல் கம்பளி. அக்ரிலிக் நூல் மலிவுதான், நிறமும் பளிச்சிடும். ஆனால் நெருப்புப் பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டும். ஆட்டு ரோமமோ எளிதில் பற்றாது, ஈரத்தையும் தன் எடையில் மூன்றில் ஒரு பங்குவரை உள்ளிழுத்துக்கொண்டும் கதகதப்புத் தரும். இதையெல்லாம் சொல்லிக் கொடுத்தவரும் திண்ணைப் பாட்டியாரே. காரணத்தைப் பின்னர்ப் படித்துத் தெரிந்துகொண்டோம்.

சென்னையில் 2016 ஜனவரி 31 அன்று குரோஷாப் பின்னலில் கைதேர்ந்த பெண்கள் கூடி 11,148.5 சதுர மீட்டர் அளவுள்ள போர்வையை உருவாக்கிக் கின்னஸ் பதிவில் இடம்பெற்றதை நேயர்கள் படித்திருப்பீர்கள். அத்துணைப் பெரிய போர்வையையும் பிறகு சிறு போர்வைகளாகப் பிரித்து அறத்திற்குக் கொடுத்தனர். அவர்கள்முன் எங்கள் கணக்கு கடுகளவு. தை பிறக்குமுன் முப்பத்தொரு குல்லாய்களும் பத்தொன்பது இணைக் காலுறைகளும் அனுப்பினோம். காலுறைகளில் பதினாறு பாட்டியாருடையவை. இம்முறை ஒன்றும் திரும்பவில்லை.

குழந்தைகள் இருக்கும் அறைக்குள் எங்களை விடவில்லை, விடுவதும் முறையன்று. கண்ணாடிக்கு அப்பால் ஒரு தாய், ராய்ச்சூர்ப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்தவராம், சேலைக்குள் எதையோ அணைத்தபடி சாய்ந்திருந்தார். குழந்தை தெரியவில்லை. மஞ்சள் குல்லாயின் உச்சி மட்டும் தெரிந்தது. "1,400 கிராமில் பிறந்தது, இப்போது சற்று ஏறியிருக்கிறது" என்றார் தாதியம்மையார். அந்த மஞ்சளைப் பின்னியவர் எங்கள் கன்னட நண்பர். பேருந்தில் திரும்பும் வழியெல்லாம் அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

பொங்கலுக்கு முன் நூல் தீர்ந்துவிட்டது. மேலும் எட்டுக் குல்லாய்கள் வேண்டுமென்று செய்தி வந்திருந்தது. சம்பள நாளோ தொலைவில் இருந்தது. எங்கள் கண்கள் ஒருசேரத் தண்ணீர்க் கேனின் பக்கம் திரும்பின. அந்தப் பெருங்குல்லாய் நல்ல பருத்தி நூலால் ஆனது. மெல்லப் பிரித்தோம், நூல் இழுக்க இழுக்க வந்தது. உருண்டையாய்ச் சுற்றி, அலசி, உலர்த்தினோம். ஐந்து குல்லாய்கள் தேறின. மீதம் மூன்றுக்கு மேலாளர் தம் சொந்தப் பணத்தில் நூல் வாங்கித் தந்ததோடு, மப்ளரை எப்படி முடிப்பதென்று பாட்டியாரிடம் அன்று மாலை தாமே போய்க் கேட்டறிந்தார். ஏழடி நீளமுள்ள அது இப்போது எதிர்மனைக் கட்டடத்துக் காவற்காரரின் கழுத்தை மூன்று சுற்றுச் சுற்றியிருக்கிறது.

மறுநாள் காலை பதிவேட்டைத் திறந்தால், 'திருவாளர் தண்ணீர்' என்ற பெயருக்கு எதிரே சிவப்பு மையில், மேலாளரின் கையெழுத்தில், "பிரசவ மருத்துவமனைக்குப் பணிமாற்றம்" என்று எழுதியிருந்தது.