தாளமும் தாமதமும்

கண்டி நகருக்குத் தெற்கே, ஹந்தானை மலைச்சாரலில் அமைந்த தேயிலைத் தோட்டமொன்றுக்குச் சில ஆண்டுகளுக்கு முன்னர் மாசி மாதத்து இரவொன்றில் நானும் நண்பர் ஒருவரும் காமன் கூத்தை ஒலிப்பதிவு செய்யச் சென்றிருந்தோம். மலையகத் தமிழரின் வாழ்வோடு பிணைந்த அக்கூத்தின் பாடல்களை முழுமையாகப் பாடவல்ல பெரியவர் ஒருவர் அங்கு இருந்தார். அவருக்குப் பின்னர் அத்தோட்டத்தில் அவற்றைப் பாடுவார் எவரும் இலர் என்பதே எமது அவசரத்துக்குக் காரணமாகும்.

தப்பு அடிப்போர் அருகே ஓர் ஒலிப்பதிவுக் கருவியை வைத்தோம். மற்றொரு கருவியின் ஒலிவாங்கியைப் பெரியவரின் சால்வையிலே பொருத்தினோம். லயத்தின் கோடியில் கையடக்கத் தொலைபேசியை நிறுத்திக் காட்சியையும் பதிந்தோம். கூத்து 90 நிமிடங்கள் நிகழ்ந்தது. மூன்று பதிவுகளையும் கணினியில் தனித்தனித் தடங்களாக அடுக்கி ஒன்றாகக் கலந்துவிட்டால் வேலை முடிந்துவிடும் என்று எண்ணினோம்.

கலந்து கேட்டபோதுதான் சங்கடம் தொடங்கியது. தொலைபேசித் தடத்தில் பெரியவரின் குரல் தடித்து, நடை தளர்ந்து ஒலித்தது. தொலைபேசி செக்கனுக்கு 48,000 மாதிரிகளும் ஏனைய கருவிகள் 44,100 மாதிரிகளும் எடுத்திருந்தன. நாமோ எல்லாவற்றையும் 44,100 என்றே கணினிக்குக் குறித்துவிட்டோம். ஆகவே பத்து நிமிடப் பாடல் ஏறத்தாழ 10 நிமிடம் 53 செக்கனாக நீண்டுவிட்டது. உரிய வீதத்தைக் குறித்ததும் அக்குறை நீங்கிற்று.

அடுத்து, காட்சியில் கோல் தப்பின்மீது விழும் கணத்தைக் கொண்டு தடங்களைப் பொருத்தினோம். தொலைபேசியின் ஒலி மட்டும் பத்திலொரு செக்கன் பிந்தியது. ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீற்றர் செல்லும். தொலைபேசி இருந்ததோ 34 மீற்றர் தொலைவில். அத்தடத்தின் ஒலியை அவ்வளவுக்கு முன்னே நகர்த்தினோம்.

மூன்றாவது குறையே எம்மை வருத்தியது. தப்புத் தடமும் குரல் தடமும் தொடக்கத்தில் ஒன்றியிருந்து, வரவரப் பிரிந்தன. ஒவ்வொரு கருவியும் தன்னுள்ளே இருக்கும் பளிங்கின் அதிர்வைக் கொண்டே காலத்தை அளக்கின்றது. இரண்டு பளிங்குகள் முற்றிலும் ஒத்து அதிர்வதில்லை. பத்து இலட்சத்தில் 40 பங்கு வேறுபாடு இருந்தாலே 90 நிமிட முடிவில் 0.216 செக்கன் விலகல் உண்டாகும். தாளத்தில் அது பெரும் பிழை.

இங்கேதான் நாம் தவறினோம். பாட்டை வரி வரியாக வெட்டி, ஒவ்வொரு வரியின் முதற்சொல்லும் தப்பொலியின் மீதே விழுமாறு நகர்த்தினோம். கேட்பதற்கு ஒழுங்காகவே இருந்தது. இதற்கிடையில் பெரியவர் காலமானார். பதிவை எடுத்துச் சென்று அவருடைய மகளிடம் போட்டுக் காட்டினோம். சிறிது நேரம் கேட்டிருந்துவிட்டு அவர் சொன்னார்: “இது அப்பா பாடுன மாதிரி இல்லீங்க தம்பி. தப்பு விழுந்த பொறவுதான் அவரு வாயைத் திறப்பாரு.”

வெட்கத்தோடு திரும்பி மூலப் பதிவுகளைத் திறந்தோம். நல்லவேளையாக அவற்றை அழிக்கவில்லை. குரல் தடத்தினுள்ளே தப்பொலியும் மெல்லக் கசிந்து பதிவாகியிருந்தது. அதையும் தப்புத் தடத்தில் உள்ள அதே ஒலியையும் தொடக்கத்திலும் இறுதியிலும் ஒப்பிட்டு விலகலை அளந்தோம். எங்கும் வெட்டாமல், அந்த விகிதத்தினால் குரல் தடம் முழுவதையும் ஒரே சீராகச் சுருக்கினோம். இரு தடங்களின் தப்பொலிகளும் ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருந்தின. பெரியவரின் குரலோ வரிதோறும் சற்றுப் பிந்தியே வந்தது. தப்பிலிருந்து மூன்று மீற்றர் தூரத்திலேயே அவர் நின்றார். அத்தூரத்தால் நேரும் தாமதம் நூறிலொரு செக்கனுக்கும் குறைவு. எஞ்சிய தாமதம் கருவியினுடையதன்று, அவருடையது. அதனையே நாம் பிழையெனத் திருத்தியிருந்தோம்.

மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்தவர் சி. வி. வேலுப்பிள்ளை. அத்தகைய தொகுப்புகளால் சொற்கள் பிழைத்தன. ஆயினும் பாடுவோன் எவ்விடத்தில் தயங்கினான் என்பதை அச்சிலே முழுமையாகக் காண இயலாது. 1960களில் பேராதனையிலே பேராசிரியர் சு. வித்தியானந்தன் ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ முதலிய கூத்துகளை மேடையேற்றியபோது, மாணவர் கூத்தைக் கேட்டும் ஆடியுமே கற்றனர். கேட்டுக் கற்பதற்கு ஆளில்லாத இடத்தில் ஒலிப்பதிவே ஆசானாகின்றது. அது பொய் சொல்லலாகாது.

இனிப் பதிவு செய்யச் செல்லும் மாணவ நண்பர்கள் தொடக்கத்தில் ஒரு முறையும் முடிவில் ஒரு முறையும் எல்லாக் கருவிகளுக்கும் கேட்கக் கைதட்டுவார்களாக. மூலப் பதிவை ஒருபோதும் அழியாதிருப்பார்களாக. கருவியின் பிழை எது, கலைஞனின் வழக்கம் எது என்பதை அறிந்த பின்னரே திருத்தத்தில் இறங்குவது முறை.

புதிய பதிவை மீண்டும் அம்மகளிடம் கொண்டு சென்றோம். இம்முறை அவர் ஒன்றும் சொல்லவில்லை. முடியும்வரை இருந்து கேட்டார்.