கரையொதுங்கியது என்று எழுதினேன்

மண்டபம் கரையில் ஒதுங்கும் கடற்பாசிகளைப் பொறுக்கிவந்து தாளில் பதித்து வைப்பது என் பொழுதுபோக்கு. கடலில் நிற்பதைத் தொடமாட்டேன், கடல் தள்ளியதை மட்டுமே எடுப்பேன் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வேன். அது பொய். என் தொகுப்பில் ஒன்று திருட்டுத் தாள்.

ஒதுங்கும் பாசியில் பெரும்பாலும் அடிப்பகுதி இருக்காது. பாசிக்கு வேர் கிடையாது. பாறையைக் கவ்விக்கொள்ள ஒரு பற்றுறுப்பு மட்டும் உண்டு. அலை அதை விட்டுவிட்டு மேலே அறுத்துக்கொண்டு வரும். கட்டக்கோரை என்ற பாசிக்குக் காற்றுப்பைகள் இருப்பதால் மிதந்து, ஓரளவு முழுசாக வந்து சேரும். மரிக்கொழுந்துப் பாசி வெயிலில் வெளிறி, துண்டு துண்டாக, மணல் அப்பிக் கிடக்கும். எனக்கோ முழுக் கொத்து வேண்டும். கடல் வற்றிய நேரம் பார்த்து முழங்கால் நீரில் இறங்கி, செத்த பவளப்பாறையிலிருந்து ஒரு கொத்தை அடியோடு பெயர்த்தேன்.

அந்தப் பாசியை நம்பிப் பிழைக்கும் பெண்கள் அங்கே இருக்கிறார்கள். விரலில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, மூச்சடக்கி மூழ்கி எடுப்பார்கள். அகர் செய்யப் போகும் சரக்கு. அவர்களில் ஒரு அக்கா முன்பே சொல்லியிருந்தார்: “அடிய விட்டுட்டு மேலாப்புல எடுக்கணும் தம்பி. அடியோட புடுங்குனா திரும்பத் தழைக்காது.” ஆகவே, தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை. மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986-இல் தேசியப் பூங்காவானதிலிருந்து அந்தப் பக்கம் போக அவர்கள் படும் பாடும் எனக்குத் தெரியும். நான் கைவைத்தது தீவில் அல்ல, கரையோரத்தில்தான். ஆனாலும் யாராவது கேட்டால் என் சட்டையும் கேமராவும் பதில் சொல்லிக்கொள்ளும் என்ற தைரியத்தில்தான் இறங்கினேன்.

வீட்டில் தட்டு நிறைய கடல்நீர் ஊற்றிப் பாசியை மிதக்கவிட்டு, அடியில் தாளை நுழைத்து, ஊசியால் கிளைகளைப் பிரித்துவிட்டு மெல்லத் தூக்கினேன். மேலே மல்துணி, அதன்மேல் செய்தித்தாள், அதன்மேல் கனமான புத்தகங்கள். பாசியின் பசையே அதைத் தாளோடு பிடித்துக்கொள்ளும். காய்ந்தபிறகு பார்த்தால், பற்றுறுப்போடு ஒரு பவளச் சில்லும் ஒட்டியிருந்தது. கத்தி முனையால் நெம்பி எடுத்துப் போட்டேன். சாட்சியைக் கலைப்பது என்பார்களே, அதுதான். பிறகு ஓரத்தில் நல்ல கையெழுத்தில் எழுதினேன்: ‘கரையொதுங்கியது, மண்டபம்.’

ஒதுங்கிய பாசி எங்கே வளர்ந்ததென்று சொல்ல முடியாது. நீரோட்டம் எங்கிருந்தோ இழுத்து வந்திருக்கலாம். பாறையில் நின்றதோ, அந்த இடத்தில் அது வளர்ந்தது என்பதற்கு அத்தாட்சி. அந்தத் தாளில் இருந்திருக்க வேண்டிய உருப்படியான ஒரே தகவலை மறைத்து, என் நல்ல பெயரைக் காப்பாற்றிக்கொண்டேன்.

பாசி ஆராயும் மாணவர் ஒருவர் தொகுப்பைப் பார்க்க வந்தார். “ஒதுங்கினதுல இவ்வளவு முழுசாவா சார்?” என்று அந்தத் தாளை விட்டு நகரவே இல்லை. “அதிர்ஷ்டம்” என்றேன். படமெடுத்துக்கொண்டு போனார். அவரைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்ல இன்னும் துணியவில்லை. தாளிலுள்ள குறிப்பை மட்டும் திருத்தியிருக்கிறேன், அதுவும் பென்சிலில்.