ஸ்கேனில் தெரிந்த இன்னொன்று



2021 மே மாதம். என் தங்கைக்கு மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ நடந்துகொண்டிருந்தது. நடுவில் ஒரு பெட் ஸ்கேன் எடுத்தோம். காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. ரிப்போர்ட்டை நான்தான் முதலில் பிரித்தேன். கட்டி சுருங்கியிருந்தது. ஆனால் இரண்டு நுரையீரல்களின் ஓரத்திலும் புதிதாக ‘கிரவுண்ட் கிளாஸ்’ திட்டுகள் என்று இருந்தது. நோய் பரவிவிட்டது என்று நானே முடிவு கட்டினேன். அவளிடம் சொல்லவில்லை. இரவெல்லாம் தூக்கமில்லை.

மறுநாள் டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, "சார், முதலில் கொரோனா டெஸ்ட் எடுங்க" என்றார். பாசிட்டிவ்.

அவர் விளக்கியது இது. இந்த ஸ்கேனுக்குக் கதிரியக்கம் சேர்த்த சர்க்கரையை ஊசியில் ஏற்றுகிறார்கள். புற்றுநோய்ச் செல்கள் அதை அதிகம் இழுப்பதால் படத்தில் பளிச்சென்று தெரியும். கிருமியோடு போராடும் செல்களும் அப்படியே இழுக்கும். பளிச்சிடுவதெல்லாம் புற்று அல்ல. 2020இல் இத்தாலியிலும் அறிகுறியே இல்லாத புற்றுநோயாளிகள் சிலருக்கு இப்படித்தான் கொரோனா தெரியவந்தது. தடுப்பூசி போட்ட கைப்பக்கம் அக்குளில் நெறி கட்டினாலும் பளிச்சிடும்.

கீமோவை மூன்று வாரம் தள்ளிவைத்தார்கள். தங்கை இன்று நலம்.

ஸ்கேனுக்குப் போகும்போது சளி, காய்ச்சல், சமீபத்தில் போட்ட தடுப்பூசி எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். ரிப்போர்ட்டை வைத்து நீங்களே தீர்ப்பு எழுதாதீர்கள். விடைத்தாளை முழுதும் படிக்காமல் மார்க் போடக்கூடாது என்று ஆசிரியர் பயிற்சியில் படித்தவன் நான். அன்று மறந்துவிட்டேன்.

அன்புடன்,
உங்கள் சார்