ஏலத்தில் நிற்காதவர்கள்

திருச்சி காந்தி மார்க்கெட் வாழைக்காய் மண்டியில் காலை ஏலம் சூடு பிடித்திருக்கிறது. சுவரோரம் பூவன் தார்கள் வரிசையாகச் சாய்ந்திருக்கின்றன. கைலி கட்டிய வியாபாரி ஒருவர் குனிந்து அடிச்சீப்பை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு ஒரு விலை சொல்கிறார். தாரை வளர்த்த விவசாயி பக்கத்திலேயே நிற்கிறார். சட்டை முழுக்க வாழைக் கறை. "பத்து ரூபா சேத்துக் கேளுங்கண்ணே" என்கிறார். பத்து ஏறவில்லை, ஐந்து ஏறுகிறது. ஒரு முணுமுணுப்போடு சிட்டையை வாங்கிக்கொள்கிறார்.

டீக்கடைப் பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர். கொட்டப்பட்டு இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து மூட்டை தூக்க வருபவர் என்று பேச்சில் தெரிகிறது. மண்டிக் கணக்குப் பையனிடம் போனை நீட்டுகிறார். இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து தங்கை மகள் அனுப்பிய படம்: தொழிலாளர் வரிசை வீடான லயத்தின் சுவரில் கை நுழையும் அகலத்துக்கு ஒரு வெடிப்பு.

"சர்க்கார் சரி பண்ணாதா ஐயா?"

"தோட்டம் கம்பெனிகிட்ட இருக்கு தம்பி."

"வித்துட்டாங்களா?"

பெரியவர் டீயை உறிஞ்சுகிறார். "வித்த மாதிரியும் இருக்கு, விக்காத மாதிரியும் இருக்கு."

அது உண்மைதான். 1972, 1975 நிலச் சீர்திருத்தச் சட்டங்களால் இலங்கையின் பெருந்தோட்டங்கள் அரசின் கைக்கு வந்தன. அரசு நடத்தியதில் நட்டம் குவிந்தது. 1992-ல் நிர்வாகத்தை 22 கம்பெனிகளிடம் ஒப்படைத்தார்கள். 1995 முதல் பெரும்பங்குகளையும் விற்றார்கள். நிலம் அரசின் பெயரிலேயே இருக்க, கம்பெனிகளுக்கு 53 ஆண்டுக் குத்தகை. முக்கிய முடிவுகளில் தன் ஒப்புதலைக் கட்டாயமாக்கும் 'தங்கப் பங்கு' என்று ஒன்றை மட்டும் அரசு தன்னிடம் வைத்துக்கொண்டது. நிலத்துக்குச் சொந்தக்காரர் ஒருவர், லாபத்துக்கு இன்னொருவர். வெடித்த சுவருக்கு யாரைக் கேட்பது?

"உங்க ஆளுகளுக்கு ஒண்ணுமே குடுக்கலையா?"

"ஏன் குடுக்கல? நூத்துக்குப் பத்துப் பங்கு தொழிலாளிக்குன்னு பிரிச்சுக் குடுத்தாங்க. பத்திரம் வந்துச்சு. லயம் நிக்கிற மண்ணுக்குப் பட்டா வரல."

பையன் சிரிக்கப் போய் அடக்கிக்கொள்கிறான். மண்டிக்குள் அடுத்த தாருக்குக் குரல் எழும்புகிறது. பெரியவர் அந்தப் பக்கம் கை காட்டுகிறார்.

"அங்க பாரு. வெளைய வச்சவன் நிக்கிறான், வாங்குறவன் நிக்கிறான், வெலை எல்லார் காதுலயும் விழுது. எங்க தோட்டத்துக்கு வெலை கொழும்புல பேசினாங்க. ஒரு நாள் காலைல பேர் கூப்பிடுற பெரட்டுக்குப் போனா, இன்னையிலிருந்து கம்பெனின்னாங்களாம். தங்கச்சி கூடையை மாட்டிக்கிட்டு மலைக்கு ஏறிட்டாளாம். வேற என்ன பண்ணுவா?"

"அந்தக் குத்தகை எப்பய்யா முடியுது?"

"2045."

"அப்ப உங்களுக்கு வருமா?"

"எனக்கு என்ன வரும்? நான் இருக்கப் போறேனா?" காலி கிளாஸைப் பெஞ்சுக்கு அடியில் தள்ளிவிட்டு எழுந்து, துண்டைச் சும்மாடாகச் சுற்றுகிறார். "திரும்பவும் வெலை பேச ஒரு மேசை போடுவாங்க தம்பி. அன்னைக்கு எங்க புள்ளைக ரெண்டு பேருக்காவது அதுல நாற்காலி இருக்கணும். அதை இப்பவே கேக்கணும். 2044-ல கேட்டா நேரம் போயிருச்சும்பான்."