படகின் பெயரோடு

எங்கள் ஊர் நினைவுக்கல்லில் ஒரே பெயர் இரண்டு தரம் வெட்டியிருக்கிறது. தகப்பன் பெயரும் ஒன்றேதான். எங்கள் கரையில் இது அதிசயமில்லை. அந்தோணி, சூசை, மரியதாசு தாண்டிப் பெயர் தேடிய குடும்பங்கள் என் சிறுவயதில் குறைவு. ஆளைப் பிரித்துச் சொல்லப் பட்டப்பெயர் உண்டு, ஆனால் 'கொக்கு' என்று கல்லில் வெட்டினால் பெண்டாட்டி பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? அதனால் பெயருக்குக் கீழே படகின் பெயரைச் சேர்த்திருக்கிறார்கள். ஒருவன் மாதா பெயர் வைத்த படகில் போனவன், மற்றவன் சூசையப்பர் பெயர் வைத்த படகில்.

நீரோடியிலிருந்து இரையுமன்துறை வரை தூத்தூர் வட்டாரத்தில் வரிசையாகக் கிடக்கும் எட்டு ஊர்களில் எங்களுடையதும் ஒன்று. நான் கனடாவின் ஹாலிஃபாக்ஸுக்குப் போனபோது கோயில் முற்றத்தில் இந்தக் கல் இல்லை. அப்போதும் கடலில் ஆட்கள் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். வருடத்துக்கு ஒருவர், இருவர். கப்பல் இடித்து ஒருவர், ராத்திரியில் தவறி விழுந்து ஒருவர். பூசை வைப்போம், வீட்டில் ஒப்பாரி கேட்கும், அத்தோடு சரி. கல் வைக்கத் தோன்றியது 2017-க்குப் பிறகு.

அந்த வருடம் நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கி புயல் வந்தபோது எங்கள் ஆட்களில் பலர் கரையிலேயே இல்லை. கொச்சித் துறைமுகத்திலிருந்து புறப்பட்டு, சுறாவும் சூரையும் தேடி, வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கித் தொழில் செய்பவர்கள் அவர்கள். கரையில் சொன்ன எச்சரிக்கை அவர்களுடைய வயர்லெஸுக்கு எட்டவில்லை. சில படகுகள் லட்சத்தீவில் ஒதுங்கின, சில மகாராஷ்டிரத்தின் தேவ்கட் வரை போய்ச் சேர்ந்தன. மிச்சத்தைத் தேடச் சொல்லி டிசம்பர் 7-ஆம் தேதி ஆயிரக்கணக்கானோர் நடந்தே போய்க் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். நான் அதை செல்போன் திரையில் பார்த்துக்கொண்டிருந்தேன். கேரளக் கரையில் ஒதுங்கிய உடல்கள் சிலவற்றை டி.என்.ஏ. சோதனை வைத்துத்தான் அடையாளம் கண்டார்கள். உடல்கூடக் கிடைக்காத வீடுகளே அதிகம்.

உடல் இல்லையென்றால் கல்லறை இல்லை. நவம்பர் 2, கல்லறைத் திருநாளன்று ஊரே மெழுகுவர்த்தியோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போகும்போது அந்த வீட்டுக்காரர்கள் எங்கே போவது? கல் வந்த காரணம் இவ்வளவுதான்.

முதலில் வைத்தது கல்லே இல்லை, கான்கிரீட் தூண். வெளிநாட்டில் இருக்கிற நாங்கள் வாட்ஸப்பில் கூடி, வரைபடம்வரை நாங்களே அனுப்பி, பணம் கொடுத்துக் கட்டவைத்தது. உப்புக்காற்று உள்ளே இறங்கிக் கம்பி துருப்பிடித்தது. துரு ஊதினால் இரும்பு பருக்கும், பருத்தால் சிமென்ட் வெடிக்கும். சில மழைக்காலத்திலேயே தூண் மேலிருந்து கீழ்வரை பிளந்துவிட்டது. இப்போது இருப்பது கருங்கல் பலகை. கல்லுக்கு ஒன்றும் ஆகாது, வெட்டிய எழுத்தில் நிரப்பிய வெள்ளை பெயின்ட்தான் ஒவ்வொரு வருடமும் உரிந்து போகிறது.

ஊரில் இறங்கிய மறுநாள் காலையில் பார்த்தேன், நாலைந்து பெண்கள் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து கல்லைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். பங்கின் அன்பியக் குழு ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரம் என்று முறை. கொண்டுவந்தது நல்லதண்ணி, குழாயில் வரிசை நின்று பிடித்தது. பத்தடி தள்ளிக் கடல் கிடக்கிறது, இதற்குப் போய் குடிதண்ணீரா என்று கேட்டுவிட்டேன்.

"அவிய உப்புத்தண்ணி குடிச்சது போதும் மக்களே" என்றார் அவர்களில் ஒருவரான என் மைனி, துணியைப் பிழிந்தபடி. காரணம் அது மட்டுமில்லை, கடல் தண்ணீரில் கழுவினால் பெயின்ட் இன்னும் சீக்கிரம் உரியும் என்பதும் அவருக்குத் தெரியும். அடுத்த மூச்சில் அதையும் சொன்னார்.

பெயின்ட் அடிக்கிறவர் எங்கள் ஊரில் படகுகளுக்குப் பெயர் எழுதுகிற அண்ணன். கல்லில் இருக்கிற படகுகள் பலவற்றுக்கும் அணியத்தில் பெயர் எழுதியவர் அவர்தான். எழுத்தை வெட்டியது தோவாளைப் பக்கத்திலிருந்து வந்த கல்தச்சன். ஆனால் படகின் பெயரை மட்டும் தச்சன் கைக்கு விடாமல், முன்பு படகில் எழுதிய அதே சாய்வில், அதே வளைவில் சாக்பீஸால் வரைந்து கொடுத்து வெட்டச் சொல்லியிருக்கிறார். ஆள் பெயர்கள் பத்திரிகை எழுத்துப் போல நிமிர்ந்து நிற்க, கீழே படகின் பெயர் வால் சுழித்து ஓடுகிறது. நான் நிற்கும்போது ஒரு 'ரா'வின் காலுக்குள் மெல்லிய தூரிகையை விட்டு, வெளியே வழிந்ததை டர்பன்டைன் தொட்ட விரல்நகத்தால் வழித்தெடுத்தார். "இது நீலத்துல மஞ்ச கரை போட்ட போட்டு. எஞ்சின் மாத்தினப்ப ரெண்டாவது தடவ எழுதினேன்" என்றார். பெயர்ப்பட்டியல் யாரிடமும் கிடைக்கும். படகின் நிறம் இவரிடம் மட்டும்தான் இருக்கிறது.

பட்டியலில்தான் சண்டை வந்தது. முதல் தூணில் இருந்தது அரசாங்கப் பட்டியல்: இருபது லட்சம் நிவாரணம் வந்த குடும்பங்கள். சாட்சியச் சட்டப்படி காணாமல்போனவர் ஏழு வருடம் கழித்தே இறந்தவராகக் கருதப்படுவார். ஒக்கிக்காக அதைத் தளர்த்திச் சீக்கிரமே சான்றிதழ் கொடுத்தார்கள். நல்ல காரியம். ஆனால் அதற்கு முந்தி புருஷனைக் கடலுக்குக் கொடுத்தவர்கள் அந்த ஏழு வருடத்தையும் முழுசாக அனுபவித்தவர்கள். விதவைப் பென்ஷனும் இல்லை, வீட்டுப் பத்திரம் மாற்றவும் வழியில்லை. அவர்களில் ஒரு பாட்டி பங்குப்பேரவையில் எழுந்து, "ஒக்கியில போனாத்தான் ஆளா?" என்று கேட்டாராம். கருங்கல் வைத்தபோது தலைப்பிலிருந்து ஒக்கியை எடுத்துவிட்டார்கள். இப்போது பெயர், படகு, வருடம். அதற்குக் கீழே ஒன்றும் வெட்டாத அரைப் பலகை.

நான் இருக்கும் மாகாணத்தில் லூனன்பர்க் என்ற மீன்பிடி ஊர் இருக்கிறது. 1890 முதல் கடலில் போனவர்களின் பெயர்களைக் கருங்கல் தூண்களில் வெட்டி, திசைகாட்டியைப் போல நிறுத்தியிருக்கிறார்கள். 1926, 1927 ஆகஸ்ட் புயல்களில் போனவர்களும், ஒற்றையாகப் போனவர்களும் அங்கே ஒரே வரிசையில்தான். இதைப் படம் பிடித்து ஊர்க்குழுவுக்கு அனுப்பி நீளமாக யோசனை சொன்னேன். பாட்டி அதற்கு இரண்டு மாதம் முன்பே விஷயத்தை முடித்திருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. பணம் அனுப்புகிறவர்களுக்கு யோசனையும் சேர்த்து அனுப்புகிற பழக்கம் போகாது.

ஒன்றுமில்லாத அந்த அரைப் பலகை சிலருக்குப் பிடிக்கவில்லை. அடுத்தவனைக் கூப்பிடுகிற மாதிரி இருக்கிறதாம், பூ வெட்டி நிரப்பச் சொல்கிறார்கள். காலியாகவே இருக்கட்டும் என்கிற பாட்டி பக்கம்தான் நான். ஒக்கிக்குப் பிறகும் அங்கே பெயர்கள் ஏறியிருக்கின்றன.

இனி ஏற வேண்டியது ஒரு அசாம் பையனின் பெயர். எங்கள் ஊர்ப் படகில் கூலிக்குப் போனவன். வெளியூர்க்காரன் எதற்கு என்று முதலில் முனகியவர்கள்கூட, படகு நம்முடையது என்றதும் அடங்கிவிட்டார்கள். பெயரை எப்படி எழுதுவது என்பதுதான் பாக்கி. படகில் கூப்பிட்ட மாதிரி எழுதினால் அவன் வீட்டார் பார்த்துக் கண்டுபிடிக்க முடியுமா என்கிறார் அண்ணன். அவன் தமையனிடம் பேசி, பெயரை அவர்கள் எழுத்திலேயே ஒரு தாளில் எழுதிப் படம் எடுத்து அனுப்பச் சொல்லும் வேலையை என் தலையில் கட்டியிருக்கிறார். கல்லறைத் திருநாளுக்கு முன்னால் கையில் வேண்டுமாம்.