கயலுக்கு, அப்பீல் எழுதும் முன்

எடிசன், நியூஜெர்சி
8 ஜூன் 2025

அன்புள்ள கயல்,

உன் மெயிலும் கல்லூரி அனுப்பிய அறிவிப்பும் வந்தன. "ஜிபிஏ 2.7 இருக்கே சித்தி, அப்புறம் ஏன் ஃபைனான்ஷியல் எய்டை நிறுத்துறாங்க?" என்று கேட்டிருக்கிறாய். அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்.

ஜிபிஏவில் உனக்குச் சிக்கலே இல்லை. இரண்டாம் வருட முடிவில் சி கிரேடு அளவுக்கு இருக்க வேண்டும் என்பதுதான் விதி. நீ மாட்டிக்கொண்டது 'பேஸ்' கணக்கில். எடுத்த கிரெடிட்டில் எத்தனையை முடித்தாய் என்று பார்ப்பது அது. முதல் செமஸ்டரில் 15 எடுத்து 15ஐயும் முடித்தாய். இரண்டாவதில் எடுத்த 15இல் மூன்று பாடங்களில் 'டபிள்யூ' வாங்கி விலகினாய், கெமிஸ்ட்ரி போய்விட்டது, கையில் நின்றது ஒரே பாடம், 3 கிரெடிட். ஆக 30க்கு 18, அறுபது சதவீதம். உங்கள் கல்லூரி கேட்பது 67. 'டபிள்யூ' ஜிபிஏவைத் தொடாது. ஆனால் எடுத்த கிரெடிட் கணக்கில் ஏறிவிடும், முடித்த கணக்கில் ஏறாது.

இந்த 67 எங்கிருந்து வந்தது தெரியுமா? 120 கிரெடிட் டிகிரியை அதைப்போல ஒன்றரை மடங்குக்குள், அதாவது 180 கிரெடிட் எடுப்பதற்குள் முடிக்க வேண்டும் என்பது மத்திய அரசின் விதி. 180க்கு 120 என்றால் மூன்றில் இரண்டு பங்கு. பெல் கிராண்ட் உதவித்தொகை, அரசுக் கடன், ஒர்க் ஸ்டடி எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். ஒவ்வொரு செமஸ்டரும் சரிபார்க்கும் கல்லூரிகளில் முதல் தடவை எச்சரித்துவிட்டு, அடுத்த செமஸ்டருக்கு எய்டைத் தொடர்ந்து தரலாம். உங்கள் கல்லூரி வருடத்துக்கு ஒரு முறைதான் பார்க்கிறது. அதனால்தான் உனக்கு எச்சரிக்கை வராமல் நேராக நிறுத்தமே வந்தது. அப்பீல்தான் இப்போது வழி.

நீ எழுதி அனுப்பிய அப்பீலைப் படித்து எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. "கடினமாக உழைக்கும் மாணவி நான், என் கனவு நர்ஸ் ஆவது" என்றெல்லாம் எழுதியிருக்கிறாய். உண்மைதான். ஆனால் அம்மாவின் சிகிச்சையைப் பற்றி ஒரு வரி இல்லையே! வீட்டு விஷயத்தை ஆபீசில் சொல்லக் கூடாது என்று நினைத்திருப்பாய். நம் வீட்டில் எல்லோரும் அப்படித்தான் வளர்ந்தோம். ஆனால் விதியிலேயே இருக்கிறது, கயல்: உறவினரின் மரணம், மாணவரின் உடல்நலக் கேடு, மற்ற விசேஷச் சூழ்நிலைகள். இவற்றுக்காகத்தான் அப்பீல் வைத்திருக்கிறார்கள். ஏன் தவறியது, இப்போது என்ன மாறியிருக்கிறது, இந்த இரண்டையும் நீ சொல்லியே ஆக வேண்டும். அக்காவிடம் கேட்டுவிட்டேன். "தாராளமா எழுதட்டும், நான் எதையும் மறைக்கல" என்றாள்.

ஆகவே இப்படி எழுது. பிப்ரவரியில் அம்மாவுக்கு அறுவை சிகிச்சை. மார்ச்சில் ரேடியேஷன், திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் காலையில். அப்பாவுக்குப் பகல் ஷிப்ட், வீட்டில் கார் ஓட்ட வேறு ஆள் கிடையாது. அதே நேரத்தில்தான் உன் லேப். இதைத் தேதியோடு எழுது, அழகுபடுத்தாதே. ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் தாளையும் ரேடியேஷன் அட்டவணையையும் இணைத்துவிடு. பிறகு மாறியதைச் சொல்: சிகிச்சை ஏப்ரலில் முடிந்தது, பாட்டி மதுரையிலிருந்து வந்திருக்கிறார்கள், செக்கப்புக்கு இனி சித்தி கூட்டிப் போவாள். என் பெயரைத் தயங்காமல் போடு. வியாழக்கிழமைகளில் எனக்கு லீவு, நான் வருவேன்.

அப்பீல் ஏற்கப்பட்டால் ஒரு செமஸ்டர் 'ப்ரொபேஷன்' தருவார்கள், எய்ட் திரும்ப வரும். அந்த செமஸ்டரில் 15ஐயும் முடித்தால் 45க்கு 33, எழுபத்து மூன்று சதவீதம். ஒரே செமஸ்டரில் கரையேறிவிடலாம். ஆனால் 15 உனக்குப் பாரமாகத் தெரிந்தால் 12 எடு. 42க்கு 30 வரும், அதுவும் 67ஐத் தாண்டும். என் அபிப்பிராயம் 12தான். ஒரு பாடம் கூட விட்டுப் போகக் கூடாது, அதுதான் முக்கியம். கெமிஸ்ட்ரியை அதில் சேர்த்துக்கொள். ஃபெயிலான பாடத்தை மறுபடி எடுக்கவும் எய்ட் உண்டு, ஆனால் அந்த கிரெடிட் எடுத்த கணக்கில் இன்னொரு தடவை ஏறும்.

சம்மரில் கைக்காசு போட்டு 6 கிரெடிட் எடுக்கலாமா என்று அப்பா கேட்டாராம். முடித்தால் 36க்கு 24, சரியாக 66.67. அதை 67 என்று ஏற்பார்களா என்று ஆபீசில் எழுத்தில் கேட்டு வாங்காமல் ஒரு டாலர்கூடக் கட்ட வேண்டாம்.

2025-26க்கு பெல் கிராண்ட் உச்சவரம்பு 7,395 டாலர். உன் பங்கு அதில் எவ்வளவானாலும் இந்த வருடம் உங்கள் வீட்டுக்கு அது பெரிய பணம். அப்பீல் முடிவு தெரியும்வரை தனியார் கடன் எதிலும் கையெழுத்துப் போடாதே, அப்பாவையும் போட விடாதே. அப்பீலுக்குக் கடைசித் தேதி 27 என்று அறிவிப்பில் இருக்கிறது. வெள்ளிக்குள் புது வரைவை அனுப்பு, சனிக்கிழமை போனில் சேர்ந்து பார்த்துவிடலாம்.

அன்புடன்,
சித்தி